இருபத்து நான்கு நாள் கணக்கு

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்கப்புறம். ஸ்டாஃப் ரூமில் ஆறு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி உள்ளே வந்து, "நான் எங்க உக்காந்தா உங்களுக்கு சௌகரியமா இருக்கும் டீச்சர்?" என்று கேட்டால் என்னதான் சொல்வது? "எங்கயாவது உக்காரும்மா" என்றேன். "எங்கயாவதுன்னா எங்கங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டு நின்றாள். நிஜமாகவே பதிலுக்காக நின்றாள். கைப்பையை மார்போடு அணைத்து, தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை இமைத்துக்கொண்டு நின்றாள். நான் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு ஜன்னலோர நாற்காலியைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அதற்குள் இருபது வருஷ சர்வீஸ் முடித்திருந்தேன். உதவித் தலைமையாசிரியை பதவி அடுத்து எனக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம். அவளுக்கு இருபத்தாறு வயசு இருந்தால் அதிகம். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டில் அம்மா மட்டும்தான். பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த சம்பளத்தில், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. பிள்ளைகள் அவளைக் கம்ப்யூட்டர் டீச்சர் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டர் என்று நாலு இருந்தன. அதில் ஒன்று எப்போதும் படுத்தே கிடக்கும். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, தன் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பிரிண்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அந்த வாரம் முழுக்க யாரும் தொடக்கூடாது. அவளுக்கு முன்னால் இருந்தவர், கம்ப்யூட்டரின் பாகங்களைப் படம் வரைந்து மனப்பாடம் செய்ய வைத்தார். பிள்ளைகளும் ஒப்பித்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இவள் வந்து ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் முதல் நாளே கேட்டாளாம்: "இத வச்சி நீங்க என்ன பண்ணணும்னு ஆசப்படுறீங்க?"

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? புத்தகத்தில் இல்லாத கேள்வி. அடுத்த வகுப்பிலும் அதே கேள்வி, அதே மௌனம். இரண்டு வாரம். பக்கத்து வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன், அந்த அறையிலிருந்து மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒரு நாள் பொறுக்காமல் எட்டிப் பார்த்தேன். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், இவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். "என்னம்மா, தியானமா? அதுக்குத்தான் ஊருல அத்தன ஆசிரமம் இருக்கே" என்றேன். சிரித்தாள். "யோசிக்கிறாங்க டீச்சர். யோசிக்க நேரம் வேணாங்களா?" என்றாள். அப்பா சாமி, போதும் என்று திரும்பிவிட்டேன்.

வகுப்பில் மட்டும் இப்படி என்றால் கூடப் பரவாயில்லை. எங்களுக்கு டீ கொண்டுவரும் ஆயாம்மாவிடம், "உங்களுக்கு எந்த நேரத்துல கொண்டாந்தா கஷ்டம் கம்மியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள். ஆயாம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருஷம் டீ சுமந்தவர். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நேராக என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணு மெய்யாலுமே கேக்குதா, இல்ல என்னெ வச்சி கிண்டல் பண்ணுதா டீச்சர்?" என்றார். எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன சொல்ல?

ஒரு பௌர்ணமியன்று இருவரும் ஆட்டோவில் ஏறினோம். கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி ரோட்டை அடைத்துவிட்டார்கள். "எந்த வழியா போனா உங்களுக்கு தோதா இருக்கும்ணா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டாள். அவருக்குத் தோதான வழி அவர் வீட்டு வாசல் வழியாகப் போனது. அங்கே நிறுத்தி, இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவள், "பாவம், காலைலேருந்து ஓட்றாரு" என்றாள்.

மூன்றாவது வாரம் நஸ்ரின் எழுந்தாள். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவரின் மகள். கறுப்பாய், ஒல்லியாய், கண் மட்டும் துறுதுறுவென்று இருக்கும். "டீச்சர், நாங்க ஒரு கேள்வித்தாள் அடிக்கலாமா? உங்களுக்கெல்லாம்?" என்றாளாம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சாய்ஸ் என்றால் கேள்வித்தாளில் வருவதுதான். பத்துக் கேள்வியில் ஏழு எழுதினால் போதும், பிடிக்காத பாடத்தை சாய்ஸில் விட்டுவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த சுதந்திரம் அவ்வளவுதான். அதே மாதிரி அவர்களும் செய்தார்கள். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையிலும் தமிழ் எழுத்தைச் சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டி, ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷம் தேடி, ஒன்றரை மாதம் அடித்தார்கள். டீச்சர்களுக்கு ஆளுக்கு ஒரு தாள் வந்தது. 'ஏதேனும் மூன்றனுக்கு விடையளிக்க' என்று மேலே போட்டிருந்தது. எனக்கு வந்ததில் முதல் கேள்வி: 'நாங்கள் கை தூக்கும்போது முதல் பெஞ்சை மட்டும் பார்ப்பது ஏன்?' இரண்டாவது: 'புரிந்ததா என்று கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்?'

எனக்கு வந்த கோபத்தில் தாளைக் கசக்கி எறிந்தேன். "கொழுப்பப் பாத்தியா இதுங்களுக்கு!" என்று ஸ்டாஃப் ரூமே அதிரக் கத்தினேன். மறுநாள் வகுப்பில் இயற்கணிதம் நடத்தி, "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. இரண்டு முடிவதற்குள் என் கை தானாகக் கரும்பலகையை அழிக்கப் போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மாதம் ஒரு தாள் என்று ஆரம்பித்தார்கள். பிரிண்டரில் ஒரே ஒரு பக்கம் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். என்ன போடுவது என்று பிள்ளைகளே உட்கார்ந்து முடிவு செய்வார்கள், அவள் பக்கத்தில் நின்று மை தீராமல் பார்த்துக்கொள்வாள். விடுகதை, ஒரு பிள்ளையின் அத்தை செய்கிற வேர்க்கடலைக் குழம்பு, பள்ளி ஸ்டாப்பில் நிற்காமல் போகும் பஸ்ஸின் நம்பர். அந்த பஸ் அதற்கப்புறம் நின்றது. தலைமையாசிரியைக்குக் கூடக் கொஞ்சம் பெருமைதான். வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒரு நாள் நஸ்ரின் என் வகுப்பில் கை தூக்கினாள். நான் அப்போதெல்லாம் கடைசி பெஞ்சையும் பார்க்க ஆரம்பித்திருந்தேன், வேறு வழியில்லாமல்.

"டீச்சர், ஒரு டவுட்டு. ஒரு ஆபீஸ்ல ரெண்டு கவுண்ட்டர். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் ஆவும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவதான் தொறப்பாங்க, தடவைக்கு பத்து நிமிஷம். நானூத்தி எம்பது பேரு. எல்லாரும் ஒரு தடவ போயிட்டு வர எத்தன நாளு?"

எனக்கு இந்த மாதிரிக் கணக்கு என்றால் உயிர். சாக்பீஸை எடுத்தேன். ஒரு கவுண்ட்டரில் பத்து நிமிஷத்துக்கு ஐந்து பேர், இரண்டில் பத்துப் பேர், நாளைக்கு இருபது பேர். நானூற்று எண்பதை இருபதால் வகுத்தால் இருபத்து நான்கு. "இருபத்து நாலு நாளு!" என்று பெரிசாக எழுதி வட்டம் போட்டேன். உற்சாகத்தில், "இப்படி ஒரு ஆபீசுக்குப் போறவன் வரிசையிலயே செத்துப்போவான்டி" என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிப்பு ஜாஸ்தியாக இருந்தது. ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நகைச்சுவை நன்றாக வருகிறது நமக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தீபத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்தைப் போலீசார் தங்குவதற்குக் கொடுத்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து வரும் போலீஸ்காரர்கள் வகுப்பறையில் படுப்பார்கள், எங்களுக்கு விடுமுறை. அவர்களுக்காக லாரியில் தண்ணீர் வரும். பிள்ளைகளின் ஐந்து கழிப்பறையும் கழுவி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, பல்பு மாட்டி வைப்பார்கள். அவர்கள் போனதும் அதில் மூன்றுக்குப் பூட்டு. 'பிள்ளைங்க பைப்ப ஒடச்சிடுதுங்க' என்பது தலைமையாசிரியையின் கட்சி. டீச்சர்களுக்கு மாடியில் தனியாக ஒன்று உண்டு, சாவி ஸ்டாஃப் ரூம் ஆணியில் தொங்கும்.

போலீசார் போய்ப் பள்ளி திறந்த அன்று அந்த மாதத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. மேலே 'ஒரு கணக்கு' என்று தலைப்பு. 'எங்கள் பள்ளியில் கழிப்பறை ஐந்து. திறந்திருப்பவை இரண்டு. மாணவிகள் 480.' கீழே நான் கரும்பலகையில் போட்ட கணக்கு வரிக்கு வரி இருந்தது. 'விடை: 24 நாட்கள். சரிபார்த்தவர்: கணக்கு டீச்சர்.' அதற்கும் கீழே: 'கணக்கு டீச்சர் கருத்து: வரிசையிலேயே செத்துப்போவார்கள்.' கடைசி வரி: 'அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை.'

நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முந்தின மாதம்தான் பிரேயரில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. "காலைல சாப்புடாம வந்தா இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் அதைத் திட்டியவள் நான். பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் காலையில் நிறைந்து வந்ததுபோலவே சாயங்காலமும் நிறைந்து போவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன? எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, என்னை இப்படி மாட்டிவிட்டார்களே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

தலைமையாசிரியை தாளைக் கிழித்து மேஜைமேல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "நீங்களுமா டீச்சர்?" என்றார். "மேடம், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். கம்ப்யூட்டர் டீச்சரையும் கூப்பிட்டார். எழுதிய பிள்ளைகளின் பெயரைச் சொல்லவேண்டும், அவர்களுக்கு அன்றைக்கே டிசி கொடுத்து அனுப்பப்போகிறேன் என்றார். பெயர் சொல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

அவள் தலையைச் சாய்க்கவில்லை, யாரையும் எதுவும் கேட்கவில்லை. "நான்தான் மேடம் எழுதினேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்ல காரியம் பண்ணின" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். பிள்ளைகள் தப்பித்தார்கள், நானும் தப்பித்தேன்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. ஒன்பது 'பி' மொத்தமும் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றது. செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே போகவில்லை. நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். அழுது அவள் காலில் விழப்போகிறார்கள், நன்றி சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

நஸ்ரின்தான் முன்னால் வந்தாள். "நீங்க எழுதினதா ஏன் டீச்சர் சொன்னீங்க? நாங்கதான எழுதினோம்?"

"உங்க படிப்பு போயிடும்னு பயந்துட்டேன்டா."

"அது எங்களுக்குத் தெரியாதா? எழுதறப்பவே பேசிக்கிட்டோம் டீச்சர். டீக்கும் கேக்கறீங்க, தாளோட கலருக்கும் கேக்கறீங்க. இதுக்கு மட்டும் எங்கள கேட்டீங்களா?"

அட பாவிப் பெண்ணே, உனக்காக ஒருத்தி வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள், நீ சட்டம் பேசுகிறாயா என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "கேக்கல. தப்புதான்" என்றாள். "இப்ப கேக்கறேன். என்ன பண்ணலாம்?"

பிள்ளைகள் அங்கேயே வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். டிசிக்குப் பயந்த மூன்று பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் தலைமையாசிரியையிடம் நேரில் போய், நாங்கள்தான் எழுதினோம் என்று சொல்வதாக முடிவாயிற்று. டீச்சர் கூட வரலாம், பேசக்கூடாது. பிறகு நஸ்ரின் என்னிடம் வந்தாள்.

"நீங்களும் வாங்க டீச்சர். ஒண்ணும் பேச வேணாம். கணக்கு சரின்னு மட்டும் சொன்னா போதும். நீங்க சொன்னா மேடம் கேப்பாங்க."

நாற்பது ஜோடிக் கண். கம்ப்யூட்டர் டீச்சரும் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாங்க என்றோ வேண்டாம் என்றோ.

"எனக்கு பத்தாம் வகுப்பு பீரியட் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். பீரியட் இருந்தது என்னவோ உண்மைதான்.

பாடம் பாதியில் இருக்கும்போது ஆயாம்மா ஒரு துண்டுச்சீட்டோடு வந்தார். தலைமையாசிரியையின் கையெழுத்து. 'இந்தக் கணக்கு நீங்கள் போட்டதா? சரியா?' கீழே பதில் எழுத இடம். மூச்சு வாங்க நின்ற ஆயாம்மா, "பசங்க நின்னுக்குனு இருக்குது டீச்சர், சீக்கிரம்" என்றார். நான் எழுதினேன்: 'கணக்கு சரி. ஆனால் அது எதைப் பற்றியது என்று என்னிடம் சொல்லவில்லை.'

ஒரு பொய் கிடையாது அதில். இன்றைக்கும் எந்த கோர்ட்டிலும் நான் அதைச் சொல்வேன். அந்தச் சீட்டைத் தலைமையாசிரியை பிள்ளைகள் முன்னாலேயே சத்தமாகப் படித்தாராம். பிள்ளைகளை மன்னித்துவிட்டார், முப்பத்தேழு பேருக்கு டிசி கொடுக்க அவராலும் முடியாது. ஆனால், மூத்த ஆசிரியை ஒருவரைப் பிள்ளைகளை விட்டு ஏமாற்றினாள் என்று கம்ப்யூட்டர் டீச்சரின் வேலையை அந்த வாரத்தோடு முடித்துவிட்டார். காரணம் என் சீட்டில் தயாராக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பூட்டியிருந்த மூன்றில் இரண்டு திறக்கப்பட்டன. அதற்கு அடுத்த வருஷம் நான் உதவித் தலைமையாசிரியை ஆனேன்.

இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை, விடைதான் வரமாட்டேன் என்கிறது. அவள் முதலில் சொன்ன பொய்யிலேயே நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வேலை எப்படியும் போயிருக்கும், பிள்ளைகளாவது பயமில்லாமல் இருந்திருப்பார்கள். பதினாலு வயசுப் பிள்ளைகளிடம் போய் என்ன பண்ணலாம் என்று கேட்கிறவள் டீச்சரா? ஆனால் அந்தப் பிள்ளைகள் அதற்கப்புறம் என் வகுப்பில் கை தூக்கவேயில்லையே, அது ஏன்? ஒரு நாள் அவள் சரி என்று தோன்றும், மறுநாள் அவளைப் போட்டு உலுக்கவேண்டும் என்று தோன்றும்.

அவள் கிளம்பிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பின்னாலேயே ஸ்டாப்வரை போனேன். கையில் ஒரு பை, டிஃபன் பாக்ஸ். கீழ்பென்னாத்தூர் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "என் மேல கோவமாம்மா?" என்று கேட்டேன். அவள் வழக்கம்போல என்னையே திருப்பிக் கேட்பாள், உங்களுக்கு என்ன தோணுது டீச்சர் என்பாள், நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க வந்திருக்கணும் டீச்சர்" என்றாள்.